வயது வந்தோரின் இரைப்பு நோயும் அதன் கட்டுப்பாடும்

இரைப்பு நோய், ஆஸ்துமா என்று மருத்துவமனைகளிலும் இழுப்பு, வீசிங் என்று வீடுகளிலும் வழங்கப்பெறுவது, மூச்சுக் குழல்களின் உட்சுவர் நாட்பட்ட அழற்சியால் தடித்து, சிறு தூண்டுதலுக்கும் சுருங்கிக்கொள்ளும் நோயாகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் 26.2 கோடிப் பேர் இந்நோயுற்றிருந்தனர். 4,55,000 பேர் மாண்டனர். இதனை அடியோடு போக்கும் ஔஷதம் இல்லையாயினும், முறையான சிகிச்சையால் பெரும்பாலோர் இரைப்பின் நினைவே இன்றி வாழ இயலும். அந்நிலையே கட்டுப்பாடு எனப்படும்.

சென்னைக்கு வடக்கே செங்குன்றம், சோழவரம், கும்மிடிப்பூண்டி என நெடுஞ்சாலையோடு நீளும் பிரதேசத்தில், அரிசி ஆலைகளின் உமித்தூசியும், சிப்காட் வளாகத்து இரும்பு உருக்காலைகளின் புகையும், இரவு பகலாக ஓடும் லாரிகளின் டீசல் கரியும் ஒன்றுகூடுவதோடு, மார்கழிப் பனியும் போகிப் புகையும் ஆண்டுதோறும் தம் பங்குக்குச் சேர்கின்றன. இங்கே மூட்டை சுமக்கும் ஒருவரிடம் "இழுப்பு எப்படி இருக்கிறது?" என்று வினவினால், "இப்பப் பரவாயில்லைங்க" என்பார். அவர் பொய்யுரைக்கவில்லை. பின்னிரவில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்வதும், மாடிப்படியில் பாதியில் நிற்பதும், சட்டைப்பையில் நீலநிற நிவாரண இன்ஹேலரைச் சுமந்து திரிவதும் சரீரத்தின் சுபாவமே என்று அவர் பழகிப்போயிருக்கிறார்.

ஆதலின், பொதுவாக நலம் விசாரிப்பது பரிசோதனையாகாது. சென்ற நான்கு வாரங்களில் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் பகலில் இரைப்பு வந்ததா, இரைப்பால் ஓரிரவேனும் உறக்கம் கலைந்ததா, உடனடி நிவாரண மருந்து வாரத்துக்கு இருமுறைக்கு மேல் வேண்டியிருந்ததா, வேலையோ நடையோ எவ்வகையிலேனும் தடைப்பட்டதா என்ற நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். நான்குக்கும் 'இல்லை' என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்றிரண்டுக்கு 'ஆம்' என்றால் அரைகுறை. அதற்கு மேலாயின் கட்டுப்பாடு இல்லை. இராப்பணி செய்யும் ஆலைத் தொழிலாளியிடம் 'இரவு' என்று கேளாமல் 'உறக்கம்' என்றே கேட்பது அவசியம். அவருக்கு நள்ளிரவு பகலன்றோ!

சொல்லுக்குத் துணையாவது, மூச்சை வெளியேற்றும் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர்; இதன் முதல் வடிவத்தை ரைட் என்ற ஆங்கிலேயர் 1959இல் வெளியிட்டார். ஆழ்ந்து மூச்சிழுத்து ஒரே வீச்சில் ஊதியதும் முள் நின்ற இடத்தைக் குறித்து, மும்முறையில் மிகுந்ததைக் கொள்ள வேண்டும். நோயாளியின் மிகச் சிறந்த அளவில் நூற்றுக்கு 80க்குக் குறைந்தால் எச்சரிக்கை; 50க்குக் குறைந்தால் ஆபத்து. இதையே தினம் நான்குமுறை, சில வாரங்கள் தொடர்ந்து குறித்துவர, வேலைநாளில் தாழ்ந்து விடுமுறையில் ஏறும் அளவு, தொழிலிடமே காரணம் என்று காட்டிக்கொடுக்கும். அப்போது மருந்தைக் கூட்டுவதைவிட, தூசியும் பெயிண்ட் ஆவியும் இல்லாத பிரிவுக்கு மாற்றுவதே மேலான சிகிச்சை.

மருந்து இருவகைத்து: சுருங்கிய குழலை விரிக்கும் நிவாரண மருந்தாகிய விரிப்பான் ஒன்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மற்றொன்று. முன்னது உடனே சுகம் தருவதால் அதனையே நம்பியிருப்போர் பலர். அழற்சியோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஜீனா எனப்படும் சர்வதேச அமைப்பு, விரிப்பானை மட்டும் தனியே கொடுக்கலாகாது என்று 2019இல் அறிவித்தது இக்காரணம் பற்றியே. இன்ஹேலர் பழகிவிட்டால் விடமுடியாது என்ற அச்சம் ஆதாரமற்றது. உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராமில்தான்.

மருந்தைக் கூட்டுமுன் உறிஞ்சும் முறையைக் கண்ணால் பார்ப்பது வைத்தியரின் கடமை. ஸ்பிரே வகையாயின் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும்; ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மூன்று மாதம் கட்டுப்பாடு நிலைத்தால் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். தானாக நிறுத்துவது கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுதும் பேச இயலாமை, உதடு நீலம் பாரித்தல், மயக்கம் ஆகியவை தோன்றினால், 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை நிவாரண மருந்தை, ஸ்பேசர் என்னும் இணைப்புக் குழாய் வழியே மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டும். இரைப்பு தணிந்து வீடு திரும்பியவரை ஒரு வாரத்துக்குள் மறுபடியும் பரிசோதித்தல் இன்றியமையாதது.