இரண்டு மீட்டர் தூரத்து வில்வித்தை



என்னிடம் படித்த இரண்டு மூன்று பேர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பிள்ளை வில்வித்தை வகுப்புக்குப் போகிறாள். மைதானம் வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது. நாங்களோ ஃப்ளாட்டில் இருக்கிறோம். வீட்டுக்குள் பயிற்சி செய்ய விடலாமா?" நான் பயிற்சியாளன் அல்லன், வரலாற்று வாத்தியார். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வில் என்றதும் நமக்குத் தூரம்தான் நினைவுக்கு வரும். அதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். 1363இல் மூன்றாம் எட்வர்டு, விடுமுறை நாட்களில் ஆண்கள் மற்ற விளையாட்டுகளை விட்டுவிட்டு வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், 24 வயதைக் கடந்தவன் 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் எய்யக்கூடாது என்றது. அது ஏறக்குறைய 200 மீட்டர். ஊருக்கு ஊர் மண்மேடு எழுப்பி அதன்மேல் இலக்கை வைத்தார்கள். அரசனுக்குத் தேவைப்பட்டது போர்வீரன், அதனால் நீளமான மைதானம் வேண்டியிருந்தது.

ஜப்பானில் வேறு வழியும் இருந்தது. அங்கே கியூடோ என்னும் வில்கலையில் வழக்கமான இலக்கு 28 மீட்டர் தள்ளி, மணல்மேட்டின் மேல் இருக்கும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவரை உடனே அதன் முன் நிறுத்துவதில்லை. 'மகிவாரா' என்னும் வைக்கோல் உருளையின் முன்தான் முதலில் நிறுத்துவார்கள். எட்டத்தில் அல்ல, ஒரு வில்லின் நீளத்தில், அதாவது சுமார் இரண்டு மீட்டரில்! அவ்வளவு கிட்டே நின்றால் குறி தவறுவது அரிது. ஆகவே குறியைப் பற்றிய கவலையே இராது. நிற்பது, மூச்சு, நாணை இழுப்பது, விடுவது ஆகியவற்றில் மட்டும் மனம் நிற்கும். 1920களில் செண்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியரான ஓய்கன் ஹெரிகல், தம் குரு அவா கென்சோவிடம் ஆண்டுக்கணக்கில் இந்த வைக்கோலின் முன்தான் நின்றதாக எழுதியிருக்கிறார். தேர்ச்சி பெற்றவர்களும் மகிவாராவை விடுவதில்லை.

நம் ஊரிலும் நெல் வைக்கோல் உண்டு. ஆனால் வைக்கோற்போரில் எய்வதும் மகிவாராவில் எய்வதும் ஒன்றல்ல. அதில் தாள்களை அம்பு வரும் திசையிலேயே நீளவாக்கில் அடுக்கி, கயிற்றால் இறுக இறுகக் கட்டுவார்கள். தாள்களுக்கு இடையில் நுழையும் அம்பை உராய்வே பிடித்து நிறுத்திவிடும். கட்டுத் தளர்ந்தால் அம்பு மறுபக்கம் போய்விடும்.

இஸ்தான்புல்லிலும் இதே யோசனை இருந்தது. 1453இல் நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத், அங்கே 'ஓக்மெய்தானி' என்னும் பெரிய வில் மைதானத்தை ஏற்படுத்தினார். அந்த மைதானத்துக்குப் போகுமுன் துருக்கிய மாணவன் மிக இலகுவான ஒரு வில்லை அம்பே இல்லாமல் இழுத்துப் பழகுவான். உடல் தேறிய பிறகு, அடைத்துக் கட்டிய பையைக் கிட்ட வைத்து அதில் எய்வான். மைதானம் அதற்கும் பிறகுதான்.

நம் மகாபாரதத்திலும் இதன் சாயல் உண்டு. சாப்பிடும்போது விளக்கு அணைந்தும் கை தானாக வாய்க்குப் போவதைக் கண்ட அர்ச்சுனன், அன்றிலிருந்து இருட்டில் வில் பழகினான் என்பது ஆதிபருவக் கதை. இலக்கைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டால் கை கற்றுக்கொள்கிறது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். கிட்டே நின்று எய்தால் அடி குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது உண்மை. புறப்பட்ட இடத்தில்தான் அம்பின் வேகம் மிக அதிகம். 20 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆற்றல் சுமார் 30 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை மூன்று மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன ஆற்றலோ அதே ஆற்றல், அதுவும் பென்சில் முனையளவு இடத்தில். மரக்கதவு, ஜன்னல், அட்டைப்பெட்டி எதையும் நம்பாதீர்கள்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை இவை. இலக்குக்குப் பின்னால் கதவோ ஜன்னலோ இல்லாத கெட்டியான சுவர் வேண்டும். சுவருக்கும் இலக்குக்கும் இடையில் தடித்த ரப்பர் பாயைத் தொங்கவிடுங்கள். இலக்குத் திண்டு பெரிதாக, எய்பவரின் தோள் உயரத்தில் இருக்கட்டும். வில்லின் பலத்துக்கு அது தாங்குமா என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எய்பவருக்கும் இலக்குக்கும் நடுவில் எந்தக் கதவும் திறக்கக்கூடாது. இதுதான் முக்கியம். தம்பி பந்தைத் தேடிக்கொண்டு ஓடிவரும் வீடுகள் நம்முடையவை. கதவு இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டும், போட முடியாதென்றால் அந்த இடம் வேண்டாம். ஒவ்வொரு அம்பையும் எய்யுமுன் விரிசல் உண்டா என்று பாருங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிடக்கூடாது, வில்லே உடைந்து தெறிக்கும். பெரியவர் ஒருவர் எய்பவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

போட்டிகளில் விசில் உண்டு. இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பெடுக்கப் போகலாம். தொடர்ந்து பலமுறை ஊதினால் அவ்வளவுதான், எல்லாரும் உடனே நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பிள்ளை எய்தாலும் இந்த வழக்கம் இருக்கட்டும்.

கூரைக்கடியில் எய்வது குறைவான வித்தை என்றும் எண்ண வேண்டாம். 1991இல் பின்லாந்தின் ஊலு நகரில் முதல் உலக உள்ளரங்கப் போட்டி நடந்தது. தூரம் 18 மீட்டர், இலக்கின் விட்டம் 40 சென்டிமீட்டர். இன்றும் அதே தூரம்தான்.

மேலே சொன்னவற்றில் ஒன்று குறைந்தாலும் வீட்டில் அம்பே வேண்டாம். அதனால் பயிற்சி நின்றுவிடாது. பயிற்சிக்கென்றே விற்கும் ரப்பர் பட்டையைக் கண்ணாடி முன் நின்று தினம் இருபது முறை சீராக இழுத்துப் பிடித்து, விடாமல் மெல்லத் தளர்த்தினால் போதும். அந்தத் துருக்கிய மாணவனும் அங்கிருந்துதான் தொடங்கினான். உங்கள் வீட்டு அமைப்பைக் கீழே எழுதுங்கள். விளையாடிய அனுபவமுள்ள நம் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள், வழி சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்