யார் செலவில் வைத்தியம்? இலங்கைத் தோட்டங்களில் தமிழகக் குடியேறிகளின் மருத்துவ வரலாறு

பிழைப்புக்காக வேறு நாட்டுக்குப் போனவர் நோயில் விழுந்தால் அவருக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு இலங்கையின் காலனி அரசு பல பத்தாண்டுகளாக ஒரே பதிலைத்தான் வெவ்வேறு சட்டங்களில் எழுதிவந்தது: தோட்டத்துடையது. அந்தப் பதிலின் விளைவை மலையகத் தமிழர் இன்றும் அனுபவிக்கிறார்கள். மருத்துவம் ஆளுக்கு உரியதாக இல்லாமல் அவர் வேலை செய்யும் தோட்டத்துக்கு உரியதாக அமைந்துபோனதே அந்த மக்களின் நலக்குறைவுக்கு வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1830களில் கண்டிச் சீமையின் மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து, ஆள் திரட்டி மேற்பார்த்த கங்காணிகளின் பின்னால் ஆட்கள் கிளம்பினார்கள். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடக்க வேண்டும். வறண்ட காடு, கெட்ட தண்ணீர், காலரா, காய்ச்சல். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போயிற்று. எத்தனை பேர் வழியில் மாண்டார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு கிடையாது. ஆட்களைப் பதிவு செய்யாதபோது சாவை மட்டும் யார் பதிவார்கள்?

இங்கே ஒரு கொடுமையான முரணைக் கவனிக்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் துன்பம் சொல்லி மாளாது. ஆனாலும் அவர்கள் ஏறிய கப்பலில் ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. இலங்கைக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 1847இல் இந்தியச் சட்டம் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாடுகளிலிருந்து இலங்கைக்கு விலக்கு அளித்தது. பக்கத்து நாடு, தாமாகவே போய்வருகிறார்கள், ஒப்பந்தம் இல்லை என்பவை அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். அண்டை நாடு என்பதே அவர்களுக்கு வினையாயிற்று.

1854இல் தோட்டக்காரர்கள் கண்டியில் சங்கம் அமைத்து அரசோடு பேரம் பேசும் பலம் பெற்றார்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைத்தது; அதே சட்டம் வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாகவும் ஆக்கியது. கடமையை மீறிய தோட்டத் துரையையும் ஓடிப்போன கூலியையும் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த திருப்பம் 1872. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் வந்த 14ஆம் இலக்கச் சட்டம் கோப்பிப் பகுதிகளை மருத்துவ வட்டாரங்களாகப் பிரித்து, மருத்துவ அதிகாரிகளையும் மருத்துவமனைகளையும் அமர்த்த வழிசெய்தது. இரண்டாண்டுக்கு முன், 1870இல், கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டிருந்தது. செலவுக்குத் தோட்டங்களின் மீது ஏக்கர் கணக்கில் வரி.

காகிதத்தில் இது முன்னேற்றம்தான். நடைமுறையில் கணக்கு வேறு மாதிரி ஓடியது. மருத்துவமனைக்கு அனுப்பிய ஆளின் செலவும் தோட்டத்தின் தலையில் விழுந்தது. துரை அதைக் கூலியில் பிடிக்கப் பார்த்தார். கங்காணிக்கோ ஒவ்வோர் ஆளும் கொடுத்த கடனுக்கு ஈடு. படுத்த ஆள் கண்மறைவாகப் போவதை அவர் விரும்பவில்லை. தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி என்றாலே சாகப் போகும் இடம் என்ற அச்சம்; மொழி தெரியாத ஊழியர்கள், யார் கையால் சமைத்ததோ என்ற தயக்கம் வேறு. ஆகவே மூன்று தரப்பும் ஒத்திப்போட்டன. இனி தாங்காது என்ற நிலையில் வயிற்றுப்போக்கும் வீக்கமுமாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் சில நாளிலேயே இறந்தார்கள். அந்த இறப்பு விகிதத்தைக் காட்டி மருத்துவமனைகளால் பயனில்லை என்று தோட்டக்காரர்கள் வாதிட்டார்கள். 1875 முதல் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, சாகும் தறுவாயில் ஆட்கள் அனுப்பப்படுவதையே காரணமாகக் காட்டினார். வேலைக்கு உதவாதவர்களைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றிச் சாலையோரம் விட்ட நிகழ்வுகளும் அக்கால ஆவணங்களில் உண்டு. துரைமார் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. நோயாளியின் செலவு யார் பேரேட்டில் ஏறுகிறதோ அவரே வைத்தியத்துக்கு அனுப்பவும் வேண்டும் என்று வைத்த ஏற்பாட்டில்தான் கோளாறு இருந்தது.

1880களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பைக் கூடுதலாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, ஏக்கர் வரிக்குப் பதிலாக விளைபொருள் மீதான ஏற்றுமதித் தீர்வையிலிருந்து செலவிட முனைந்தது. அதற்குள் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. பின்வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பருவத்துக்கு வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயம் என்னும் வரிசை வீடுகளில் தங்கினார்கள். பிரசவமும் குழந்தைச் சாவும் தோட்டத்தின் அன்றாடமாயின.

அடுத்த அக்கறை தொற்றுப் பயத்திலிருந்து வந்தது; அது ஆட்கள் வரும் வழியையே கண்காணித்தது. 1901 முதல் ‘தகரச் சீட்டு’ முறை நடைமுறைக்கு வந்தது. சிறு தகர வில்லை, அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். அதைக் காட்டினால் வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தலைமன்னார் வழி முதன்மையாயிற்று. இந்திய மண்ணில், இலங்கை அரசின் நிர்வாகத்தில், மண்டபம் முகாம் இயங்கியது. வந்தவர்களைக் குளிக்க வைத்து, துணிகளைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி, சில நாட்கள் கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். பின்னாளில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் கொடுத்தார்கள். பல கிராமத்தார் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த மருத்துவர் அங்கேதான் எதிர்ப்பட்டிருப்பார். அங்கே பாதுகாக்கப்பட்டது முதலில் இலங்கை, அடுத்துத் தோட்டம், கடைசியில்தான் அந்த மனிதர். ஆயினும் காலரா மலையேறுவதை முகாம் பெரிதும் தடுத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது.

1912இல் இரண்டு சட்டங்கள் வந்தன: மருத்துவத் தேவைகள் பற்றிய 9ஆம் இலக்கமும் தொழிலாளர் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கமும். சொந்த மருத்துவமனையோ மருந்தகமோ வைத்துத் தகுதியானவரை அமர்த்திய தோட்டங்களுக்குத் தீர்வையில் சலுகை கிடைத்தது. இந்தச் சலுகைதான் தோட்டத்துக்குள் தனி மருத்துவ உலகம் ஒன்றை நிலைபெறச் செய்தது.

அதன் எல்லையை அம்பலப்படுத்தியது கொக்கிப்புழு. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு மாத்தளைப் பகுதியில் இயக்கத்தைத் தொடங்கியது. சோதித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் புழு இருந்தது. குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழு அது. ஆள் வெளுத்து, மூச்சிரைத்து, சோர்ந்துபோவார். துரையின் பார்வையில் அவர் சோம்பேறி. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்ததும் மறுபடி தொற்றியது, ஏனென்றால் லயங்களில் கழிப்பறை இல்லை. மருந்தை ஏற்ற தோட்டக்காரர்கள் பலர் கழிப்பறைச் செலவை ஏற்க மறுத்தார்கள். மருந்து உழைப்பை விரைவில் மீட்டுத் தரும். கழிப்பறை அங்கே குடியிருப்பவரின் நலனுக்கு நிலையான முதலீடு. குடியிருப்பவர் என்ற தகுதியையே அவருக்குக் கொடுக்காதபோது அந்த முதலீட்டை யார் செய்வார்கள்?

1931இல் வந்த வயதுவந்தோர் வாக்குரிமைக்குப் பின் இலங்கையின் கிராமப்புறங்களில் இலவச மருத்துவம் வேகமாக விரிந்தது. வாக்காளர் கேட்டார், அமைச்சர் கட்டினார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதன்பின் அவர்களுக்காகக் கேட்க வாக்கும் இல்லை, கட்ட அமைச்சரும் இல்லை. உலகமே வியந்த இலங்கையின் பொதுச் சுகாதாரச் சாதனை தோட்ட எல்லையில் நின்றுபோனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா திரும்பி, தாத்தா பாட்டி புறப்பட்ட நாட்டிலேயே மறுபடி புதியவர்களானார்கள்.

தங்கியவர்களுக்குக் குடியுரிமை பிறகு கிடைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் தனியார் கைக்கு மீண்டும் போயிற்று. தோட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்கும் பணி 1990களில் தொடங்கி இன்னும் முடியவில்லை. பல தோட்டங்களில் முதலில் பார்ப்பவர் இன்றும் ‘ஈ.எம்.ஏ.’ என்னும் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். நகரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனால் அங்கே தமிழில் நோயைச் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் கிடைப்பது அரிது. எஞ்சிய தோட்ட மருத்துவமனைகள் அனைத்தையும் சுகாதார அமைச்சு முழுமையாக ஏற்று, தமிழ் தெரிந்த மருத்துவர்களையும் தாதியரையும் அங்கே நியமிக்க வேண்டும். அதற்கான நாளைக் குறித்து அறிவிக்கும்படி மலையகப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்த வேண்டும்.