மறதிக்கு நாள் குறித்த கதை

1870களின் நடுவில், பாரிஸ் நகரப் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு ஜெர்மானிய இளைஞரின் கையில் ஃபெக்னர் எழுதிய நூல் சிக்கியது. வெளிச்சம், எடை போன்றவற்றை மனிதப் புலன்கள் உணரும் விதத்தைக் கணக்குப் போட்டு அளந்திருந்தார் ஃபெக்னர். புலனை அளக்கலாம் என்றால் நினைவை ஏன் அளக்கக்கூடாது? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற அந்த இளைஞரை அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. அது நடக்காத காரியம் என்பதே அன்றைய உளவியல் பெரியவர்களின் தீர்ப்பு.

ஆய்வுக்கூடம் இல்லை, சோதனைக்கு உட்பட ஆளும் இல்லை. தன்னையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். கவிதையை மனப்பாடம் செய்தால் பொருளும் சந்தமும் உதவிக்கு வந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உருவாக்கினார். டிக் டிக் ஓசைக்கு இசைவாக, நிமிடத்துக்கு 150 அசை வீதம் உரக்கப் படித்தார். பிசகாமல் ஒப்பிக்கும்வரை திரும்பத் திரும்பப் படிப்பு. இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி படிப்பு. இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறதோ, அவ்வளவு நினைவு தங்கியிருக்கிறது என்பது கணக்கு. தனியாளாக இப்படி வருடக்கணக்கில் உட்கார்ந்த அந்தப் பிடிவாதத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. விடை ஒரு வளைகோடாய் இறங்கியது.

இருபது நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம். ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்தும் 21! மறதி முதலில் பாய்ந்து வருகிறது, பிறகு தளர்ந்துவிடுகிறது. 1885இல் நூல் வெளிவந்தது. அந்த மறதி வளைகோடு புகழ்பெற்றது. ஆனால் அந்நூலின் உண்மையான புதையல் வேறு பக்கத்தில் கிடந்தது.

ஒரே நாளில் 68 முறை படித்துக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது வெறும் 38 முறையிலேயே கிடைத்தது. இடைவெளிதான் ரகசியம். ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து சோதித்தார்கள். படிக்கிறவர்களின் மேசைக்கு அது வந்து சேரவில்லை.

1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர், கேள்வியும் விடையும் எழுதிய அட்டைகளை வைக்க ஒரு பெட்டியைத் தடுப்புகளாகப் பிரித்தார். விடை சரியானால் அட்டை அடுத்த தடுப்புக்கு, தவறினால் முதல் தடுப்புக்கே. பின்னே போகப் போக, அட்டை கைக்கு வரும் நாள் தள்ளிப்போகும். நல்ல வழிதான். ஆனால் எத்தனை நாள் தள்ளலாம் என்பது குத்துமதிப்பு.

போலந்து மாணவர் பியோத்தர் வோஸ்னியாக்குக்குக் குத்துமதிப்பு போதவில்லை. 1985இல் தன் குறிப்பேடுகளை வைத்தே சோதித்து, மறப்பதற்குச் சற்று முன்னால் வரும் நாளைத் தேடினார். எபிங்ஹவுஸைப் போலவே, சோதனைக்கு ஆள் அவரேதான். 1987இல் அந்தக் கணக்கு கணினி நிரலானது.

ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ், 2006இல் அந்தக் கணக்கை எடுத்து ஒரு மென்பொருளுக்குள் வைத்தார். அதன் பெயர் ‘ஆங்கி’. மருத்துவ மாணவர்களின் செல்போனில் தினமும் காலையில், இன்று படிக்க வேண்டிய அட்டைகள் இத்தனை என்று எண்ணிக்கை காட்டும் செயலி அதுதான்.