‘அநாகரிக’ மக்களும் கடவுளும்: பண்டைய சான்றுகள் பற்றிய ஒரு மறுநோக்கு

கிரேக்கர் தம்மொழி பேசாதோரைப் ‘பார்பரோய்’ என அழைத்தனர். விளங்காத பேச்சின் ஒலியைக் குறித்தெழுந்த அச்சொல் காலப்போக்கில் நாகரிகமின்மையைச் சுட்டுவதாயிற்று. ரோமரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். இவ்வாறு பெயரிடப்பட்ட மக்கள் கடவுள் நம்பிக்கை உடையோரா, நாத்திகரா என்னும் வினா பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, சமயமே அற்ற மக்கட் கூட்டங்கள் உள என ஜோன் லுபொக் வாதிட்டார். அத்தகைய கூற்றுகள் பல பிழையான அவதானிப்பின் விளைவே என எட்வேட் டைலர் 1871இல் வெளியான தமது நூலிலே காட்டினார். ஆயின் விடையினை ஆராயுமுன் வினாவை எழுப்பியோர் எதனைத் தேடினர் என்பதை நோக்குதல் வேண்டும்.

ஐபீரியக் குடாநாட்டின் வடமேற்கில் வாழ்ந்த கல்லாயிக்கர் கடவுளற்றோர் எனச் சிலர் கூறுவதாக ஸ்ராபோ தமது புவியியல் நூலின் மூன்றாம் புத்தகத்தில் எழுதினார். அவர் அந்நாட்டிற்குச் சென்றவரல்லர். முன்னோர் எழுதியவற்றையே ஆதாரமாகக் கொண்டார். அதே இடத்தில், செல்ற்றிபீரியரும் அவர்தம் வடபுற அயலவரும் பெயரற்ற ஒரு தெய்வத்திற்காக முழுநிலா இரவுகளில் வீட்டு வாயில்களின் முன்னே குடும்பத்தோடு ஆடினர் என்றும் குறிப்பிடுகின்றார். கல்லாயிக்கரை வென்றமைக்காக டெசிமஸ் யூனியஸ் புரூட்டஸ் என்னும் ரோமத் தளபதி ‘கல்லாயிக்கஸ்’ என்ற சிறப்புப் பெயர் பெற்றமையும், கி.மு. 19இல் முடிவுற்ற போர்களின் பின்னர் அவ்வட்டாரம் ரோமரின் முக்கிய தங்கச் சுரங்கப் பகுதியானமையும் ஈண்டு மனங்கொளத்தக்கவை. வெல்லப்பட்டோர் கடவுளுமற்றோர் என்னும் செய்தி வென்றோருக்கு உவப்பானதே.

அக்கூற்றினைக் கல்வெட்டுகள் மறுக்கின்றன. அதே பிரதேசத்திற் கிடைத்த ரோமர் காலத்து இலத்தீன் கல்வெட்டுகளில் பந்துவா, கோசுஸ், நாபியா முதலாய சுதேசித் தெய்வப் பெயர்கள் காணப்படுகின்றன. இப்பெயர்கள் ரோமிலிருந்து வந்தவையல்ல. வெற்றியாளரின் எழுத்து மட்டுமே புதிது. எழுதப்படாத தெய்வம், எழுதியோர் கண்ணில் இல்லாத தெய்வமாயிற்று.

ஜேர்மானியர் பற்றிய சான்றுகளும் இவ்வகையினவே. கி.மு. 53ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து யூலியஸ் சீசர், கோலியரின் துருயித் பூசகர்களைப் போன்றோர் ஜேர்மானியரிடையே இல்லை என்றும், அவர்கள் ஞாயிறு, நெருப்பு, திங்கள் ஆகிய கட்புலனாகும் தெய்வங்களை மட்டுமே அறிவர் என்றும் எழுதினார். கி.பி. 98இல் எழுதிய டசிற்றஸ் பல தெய்வங்களையும், பலிகளையும், புனித சோலைகளையும், நேர்த்துஸ் என்னும் நிலத்தாயின் தேருலாவையும் விவரிக்கின்றார். எனினும் தெய்வங்களைச் சுவர்களுக்குள் அடைப்பதோ மனித உருவில் வடிப்பதோ அவர்கள் வழக்கமன்று என்றார். வட ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் சதுப்பு நிலங்களிலிருந்து மனித வடிவ மரவுருவங்கள் வெளிப்பட்டமையால் அக்கூற்றும் முழுமையானதன்று எனத் தெரிகின்றது.

இதற்கு எதிரான குரலும் உண்டு. ஏலியன் என்னும் ரோமர், அநாகரிகர் எவருமே நாத்திகத்தில் வீழ்ந்ததில்லை எனப் புகழ்ந்தார். அப்புகழ்ச்சி டயகோரஸ், எபிக்கியூரஸ் போன்ற கிரேக்கச் சிந்தனையாளரைச் சாடுதற்கான கருவியே. இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் தத்தம் வழக்கிற்கு அம்மக்களைச் சாட்சியாக நிறுத்தினரேயன்றி, அவர்தம் வாழ்க்கையை ஆராய்ந்தனரல்லர்.

அவதானித்தோர் தேடியவை கோயில், சிலை, பூசகர் குழாம் என்பனவாகும். இவை உபரி உற்பத்தியும் வர்க்கப் பிரிவும் அரசும் வளர்ந்த சமுதாயத்திற் பெருநிறுவனங்களாகத் திரண்டவை. குல உறவுகளே மேலோங்கிய சமுதாயத்தில் வழிபாடு விதைப்பிலிருந்தும் போரிலிருந்தும் உறவுமுறையிலிருந்தும் வேறாகப் பிரிந்து நிற்பதில்லை. நிறுவனம் இல்லாமையை நம்பிக்கை இல்லாமையாகக் கொண்டமையே அடிப்படைத் தவறு. அவ்வாறே, வாதமாக வகுக்கப்பட்ட நாத்திகமும், மறுத்தற்குரிய ஒரு சமயம் தனித்து நின்ற இடத்திலேயே தோன்ற முடியும். ஆதலின் அதனை நகரங்களிலே காண்கிறோம். கி.மு. 399இல் சோக்கிரதீஸ் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று, நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை என்பது. இரண்டாம் நூற்றாண்டிலே ரோமர் கிறித்தவரையும் நாத்திகர் என்றனர். நம் வழக்கிலுள்ள ‘நாத்திகம்’ என்னுஞ் சொல்லும் மனுநூலில் வேதத்தை இகழ்வோரையே குறித்தது. எங்கும் அச்சொல் அதிகாரம் பெற்ற வழிபாட்டிற்குப் புறத்தே நின்றோர்மீது எறியப்பட்டது.

முற்போக்கு ஆய்வாளரிற் சிலர் ஆதிமக்களிடம் இயல்பான நாத்திகத்தைக் காண விழைவதுண்டு. பொருள்முதல்வாதத்திற்கு அத்தகைய பூர்வீகச் சான்றிதழ் வேண்டியதில்லை. மோர்கனின் 1877ஆம் ஆண்டு நூலைத் தழுவி 1884இல் ஏங்கல்ஸ் மேற்கொண்ட காட்டுநிலை, அநாகரிகம், நாகரிகம் என்னும் படிநிலை வரிசையை இன்றைய தொல்லியல் அவ்வாறே ஏற்பதில்லை. ஆயினும் நம்பிக்கைகளை அவற்றைத் தாங்கிய சமூக உறவுகளோடு இணைத்து நோக்குக என்ற அவரது நெறி வலுவிழக்கவில்லை. அந்நெறி நமது விருப்பங்களுக்கும் பொருந்துவதே. கல்லாயிக்கரை நாத்திகராக்கியவர் ஸ்ராபோ கேட்டறிந்த ‘சிலர்’. அவர்களை மீண்டும் அவ்வாறே ஆக்குதல், ஆதிக்கத்தின் அவதூற்றைப் புரட்சியின் பெயரால் வழிமொழிவதாகும்.