தாய்மாமனைத் தொலைத்த மொழி



சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகள் ஷா ஆலத்திலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். கைப்பேசிச் செயலியொன்றின் வழி ஸ்பானிய மொழி கற்று வருகிறாள். பாத்ரே அப்பா, மாத்ரே அம்மா, எர்மானோ சகோதரன், அபுவேலோ தாத்தா, அபுவேலா பாட்டி என்று ஒப்புவித்துக்கொண்டே வந்தவள், 'தியோ' என்ற சொல்லில் நின்றுவிட்டாள்.

"சின்னம்மா, சித்தப்பாவும் தியோ, மாமாவும் தியோ. அது எப்படி?"

நல்ல கேள்வி. ஸ்பானியத்தின் தாய்மொழியான இலத்தீனில் இந்தக் குழப்பம் இல்லை. தந்தையுடன் பிறந்தவர் 'பத்ருவுஸ்'. தாயுடன் பிறந்தவர் 'அவுங்குலுஸ்'. அத்தை 'அமிதா'; தாயின் சகோதரி 'மாதெர்தெரா'. ஏறக்குறைய நம் முறைதான்! 636-ஆம் ஆண்டு மறைந்த செவில் நகரப் பேராயர் இசிதோர், தம் கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் நூலில் இவ்வுறவுப் பெயர்களை விளக்கியிருக்கிறார். ஆயினும் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் பேச்சுவழக்கில் புகுந்த ஒரு சொல், தந்தைவழி தாய்வழி என்ற வேறுபாட்டையே அழித்துவிட்டது. அதுவே 'தியோ'. பெண்பாலில் 'தியா'. நான்கு சொற்கள் இரண்டாயின. இன்று ஸ்பெயின் நாட்டு இளைஞர்கள் தோழனையும் 'தியோ' என்றே விளிக்கின்றனர்.

அவர்களை நகைக்க நமக்கென்ன தகுதி? 'அங்கிள்' என்பது அவுங்குலுஸ் என்ற சொல்லே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்தது. அதாவது, பிறப்பால் அது தாய்மாமனுக்கு மட்டும் உரியது. 'ஆன்ட்டி'யின் மூலம் அமிதா, நம் அத்தை. சித்தப்பாவையும் அடுத்த வீட்டாரையும் நம் பிள்ளைகள் 'அங்கிள்' என்கிறார்கள். குடும்ப மரம் வரையச் சொன்னபோது, காதுகுத்தில் தன்னை மடியில் அமர்த்திய தாய்மாமனையே 'அங்கிள்' என்றெழுதினான் என் மாணவன் ஒருவன். சிவப்பு மையால் திருத்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கேட்டதைத்தானே எழுதினான்?

ஸ்பானியத்தை முற்றும் குறைகூறவும் இயலாது. சம்பந்திக்குக் 'கொன்சுவேக்ரோ', சகலைக்குக் 'கொன்குன்யாதோ' என்ற தனிச்சொற்கள் அதில் உண்டு. மலாயிலும் 'பெசான்', 'பிராஸ்' உள்ளன. ஆங்கிலம்தான் இங்கே கைவிரிக்கிறது.

அன்றிரவு அக்காள் மகள் தன் குறிப்பேட்டில் 'தியோ' என்று எழுதி, எதிரே பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசைப்படுத்தினாள். பிறகு, "அத்தையின் கணவரை எங்கே சேர்ப்பது, சின்னம்மா?" என்றாள். மாமாவின் அருகில் இன்னொரு மாமாவாக எழுதிக்கொண்டாள்.