மொட்டைக் கடிதமும் பேரரசரும்

பெயரை மறைத்துப் பிறர்மேல் பழி சுமத்தும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. கி.பி. 112ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா மாகாணத்தை உரோமப் பேரரசின் சார்பில் பிளினி என்பவர் ஆண்டுவந்தார். கையொப்பமில்லாத பட்டியலொன்று அவர் பார்வைக்கு வந்தது. கிறித்தவர்கள் எனப் பலருடைய பெயர்கள் அதில் இருந்தன. அக்குற்றத்திற்கு அந்நாளில் உயிரையே இழக்க நேரலாம். பழி சுமத்தியவன் இருளில் நின்றான். சுமத்தப்பட்டவர்களோ நீதிபதியின் முன் நின்றார்கள். தாம் கிறித்தவரே அல்லர் எனச் சிலர் மறுத்தனர்.

செய்வதறியாத பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். எவ்வழக்கிலும் பெயரற்ற குற்றச்சாட்டுக்கு இடமளிக்கலாகாது, அது தீய முன்மாதிரி என்று மறுமொழி வந்தது. டிராஜன் கருணையே வடிவானவர் அல்லர். முறைப்படி சாட்டப்பட்டுக் குற்றம் மெய்ப்பட்டால் தண்டிக்கவே ஆணையிட்டார். ஆயினும், தன் சொல்லுக்குப் பொறுப்பேற்காதவனைச் சாட்சியாக அவர் ஏற்கவில்லை.

பெயர் மறைத்தல் முற்றிலும் தீதன்று. வலியோரின் கொடுமையை வெளியிடும் எளியவனுக்கு அது கவசம். அதே கவசத்தினுள் ஒளிந்து அண்டைவீட்டாரின் மேல் கல்லெறிவதே இழிவு. இணையத்தில் பிறரைப் பற்றி எழுதுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதன் கீழ் என் கையொப்பத்தை இடுவேனா?