மென்பொருள் பொறியியல் கல்வியில் தொடர்பாடல் திறன்

மென்பொருள் பொறியியல் கல்வியில் தொடர்பாடல் திறன் என்பது, அத்துறை மாணவர்களுக்குப் பேச்சு, எழுத்து, கேட்டறிதல், குழுப்பணி ஆகியவற்றில் அளிக்கப்படும் பயிற்சியைக் குறிக்கும். பெரிய மென்பொருள்கள் பகுப்பாய்வாளர், நிரலாளர், சோதனையாளர் எனப் பலரின் கூட்டு முயற்சியால் உருவாவதால், இது இத்துறையின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தேவை

பிரெட் புரூக்சு 1975 இல் வெளியிட்ட "த மித்திக்கல் மேன்-மந்த்" என்னும் நூல், குழு பெருகும்போது தொடர்பாடல் சுமை அதைவிட விரைவாகப் பெருகுவதை விளக்கியது. ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் பேசவேண்டிய நிலையில், 5 பேருக்கு 10 தொடர்பு வழிகளும், 10 பேருக்கு 45 வழிகளும் உண்டாகும்.

1999 செப்டம்பர் 23 இல் நாசாவின் மார்சு கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளொன்று உந்துவிசைத் தரவுகளைப் பவுண்டு அலகில் தந்தது. அவற்றைப் பெற்ற மென்பொருளோ நியூட்டன் அலகை எதிர்பார்த்தது. விசாரணைக் குழு, பிரிவுகளுக்கிடையே போதிய தொடர்பாடல் இல்லாமையையும் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. பாதை குறித்த ஐயங்கள் முன்னரே எழுந்திருந்தும், அவை முறையான வழியில் பதிவாகவில்லை.

பாடத்திட்டத்தில் இடம்

ஐ.ஈ.ஈ.ஈ. கணினிக் கழகமும் ஏ.சி.எம். அமைப்பும் இணைந்து 2004 இல் வெளியிட்டு, 2014 இல் திருத்திய பாடத்திட்ட வழிகாட்டி, தொழில்முறை நடைமுறை என்னும் பிரிவில் இத்திறனைச் சேர்த்துள்ளது. பொறியியல் பட்டங்களுக்கான வாசிங்டன் உடன்படிக்கையும் இதைப் பட்டதாரிகளுக்குரிய பண்புகளுள் ஒன்றாகக் கொள்கிறது. இந்தியா 2014 இல் இவ்வுடன்படிக்கையில் முழு உறுப்பினரானது.

கற்பிக்கும் முறைகள்

* தேவை நேர்காணல்: ஒரு மாணவர் வாடிக்கையாளராக நடிக்க, மற்றவர்கள் வினவித் தேவைகளை அறிவர். "விரைவாக இயங்க வேண்டும்" என்னும் கூற்றை "2 நொடிக்குள் விடை தர வேண்டும்" என அளவிடத்தக்கதாக மாற்றுவது இதன் நோக்கமாகும்.
* ஆவணம் எழுதுதல்: ஒரு குழு எழுதிய தேவை ஆவணத்தைக் கொண்டு வேறொரு குழு நிரல் எழுதும். ஆவணத்தில் உள்ள இருபொருள் சொற்கள் இதில் எளிதில் வெளிப்படும்.
* நிரல் மீளாய்வு: ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976 இல் விவரித்த ஆய்வு முறையை அடியொற்றியது. நிரலாளரைக் குறை கூறாது, நிரலின் பிழையை மட்டும் சுட்டுவதற்கு இது பழக்குகிறது.
* இறுதியாண்டுக் குழுச் செயற்திட்டம்: மேற்கண்ட திறன்கள் அனைத்தும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

இடர்ப்பாடுகள்

குழுப்பணியில் ஒவ்வொரு மாணவரின் பங்கையும் தனித்து மதிப்பிடுவது கடினம். இதற்குச் சக மாணவர் மதிப்பீடு ஓரளவு உதவுகிறது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாடுகளில் இப்பயிற்சி வெறும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. இலக்கணப் பிழையற்ற வாக்கியமும் அலகைக் குறிப்பிடாது விட்டால் தவறான மென்பொருளுக்கு வழிவகுக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* மென்பொருள் பொறியியல்
* தேவைகள் பகுப்பாய்வு
* இணை நிரலாக்கம்